முதலைக்கு ஆள் பார்த்தவர்

தெருமுனை திரும்பியதும் வாசலில் கிடந்த குவியல்தான் அவள் கண்ணில் பட்டது. கண்ணாடி சுற்றுகிற பழைய கம்பளிகள், கயிற்றுச் சுருள், மூலைக்கு முட்டுக்கொடுக்கிற அட்டைத் துண்டுகள், பிளாஸ்டிக் முக்காலி, மகளின் மழைக்குடை. எல்லாம் அவளுடைய வண்டிக்குள் இருக்க வேண்டியவை. யாரோ வாரி எடுத்துப் படியோரம் கொட்டியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் வண்டியைப் பார்த்தாள். கழுவித் துடைத்து, பின்கதவைத் தூக்கி வைத்து, வாயைத் திறந்துகொண்டு நின்றது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் அதன் கூரையை விரல்களால் தட்டித் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில், இடுப்பில் இரண்டு கையும் வைத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதை மேற்பார்வை பார்ப்பவர் மாதிரி பெரியவர் நின்றார்.

பெரியவர் என்றால் வயதில் அப்படியொன்றும் பெரியவர் இல்லை. அவள் கணவனுடைய அக்காவின் புருஷன். யோசனை கேட்காதவர்களுக்கும் யோசனை சொல்கிறவர் என்பதால் குடும்பத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய வெள்ளைக் கார் எதிர்ச் சுவரோரம் நிழலாகப் பார்த்து நிறுத்தப்பட்டிருந்தது.

"வாம்மா, சரியான நேரத்துக்கு வந்துட்ட" என்றார். "சார் வண்டியைப் பார்க்க வந்திருக்கார். டிரம்ஸ் வாசிக்கிறவர். அவருக்கு இது கன கச்சிதம்."

"எதுக்குக் கச்சிதம்?"

"என்னம்மா கேள்வி இது? வாங்கிக்கறதுக்குத்தான்."

கையிலிருந்த பை தானாக நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

அந்தத் தெருவில் அவளுக்குச் சட்டக்காரம்மா என்று பெயர். கடைத்தெருவில் படங்களுக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கும் சட்டம் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருந்தாள். 'இங்கே சட்டம் போடப்படும்' என்று பலகை எழுதி மாட்டிய புதிதில், வழக்கு விஷயமாக ஆலோசனை கேட்கக்கூட ஒன்றிரண்டு பேர் வந்து நின்றார்கள். "வெளியில சட்டம் போடறா, வீட்டுலயும் அவ போடறதுதான் சட்டம்" என்று கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வீட்டில் அவள் போட்ட சட்டத்தை யாரும் மதித்ததாக அவளுக்கு நினைவில்லை. ஆனாலும் அந்த வேடிக்கையை அனுமதித்து வைத்திருந்தாள்.

வண்டி அந்தக் கடைக்காக வாங்கியது. ஆள் உயரக் கண்ணாடியைப் பேருந்தில் ஏற்ற முடியாது. வாடகை வண்டிக்காரர்கள் கண்ணாடி என்றாலே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். அப்போதுதான் இந்த ஸ்டேஷன் வேகன் விலைக்கு வந்தது. முன்பாதி சாதாரணச் சின்னக் கார். பின்பாதியை யாரோ பிடித்து இழுத்து நீட்டிவிட்ட மாதிரி இருக்கும். தனி டிக்கி கிடையாது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். பின்சீட்டை மடக்கிவிட்டால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். பாசி நிறம். வாங்கிக்கொண்டு வந்த அன்றே மகள் அதைச் சுற்றி வந்து பார்த்து, "அம்மா, இது முதலை" என்றாள். அன்றிலிருந்து முதலை. பெரியவர் மட்டும் அதை அமரர் ஊர்தி என்பார். "அமரர் ஊர்தி வந்துடுச்சா?" என்று அவர் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலையோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியம் இல்லை. சாவியைப் பாதி திருப்பி, உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டு அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் முழுக்கத் திருப்ப வேண்டும். இரண்டாவது கியர் வாட்டம் பார்த்துத்தான் விழும். பின்கதவைச் சாத்தக் கை போதாது, இடுப்பால் ஓர் இடி இடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. மழை நாளில் அந்தப் பக்கம் உட்காருகிறவர் குடை பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் மகளின் குடை. இத்தனைக்கும் சேர்த்து, அவள் அதைத் தன் கையாலேயே பராமரித்தாள். எண்ணெய் அளவு பார்ப்பாள், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவாள், சக்கரத்துக்குக் காற்றுப் பிடிப்பாள். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்கோடு மல்லுக்கு நிற்பதும் அவள்தான். குடும்பம் முழுக்க உறவுக்காரர் வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட விழா என்று அதில் ஏறி இறங்கியது. பெரியவர் வீடு மாறியபோது அவருடைய சோபா, துணி துவைக்கிற மெஷின், மூன்று தொட்டிச் செடிகள் எல்லாம் போனது அமரர் ஊர்தியில்தான்.

இப்போது அந்த வண்டிதான் வாயைப் பிளந்துகொண்டு விலைக்கு நின்றது.

அவள் குனிந்து குடையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "அவர் எங்கே?" என்றாள்.

"உள்ளே டீ போடறான்" என்றார் பெரியவர்.

கணவன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். மாத்திரை பெயர் எத்தனை நீளமாக இருந்தாலும் தடுமாறாமல் சொல்லிவிடுவான். மனிதர்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் வராது. அன்று காலை, "ஒரு சின்ன வேலை இருக்கு, வண்டிய விட்டுட்டுப் போ" என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னபோதே அவள் யோசித்திருக்க வேண்டும். அடுப்படியில் அவன் கொதித்து முடிந்த டீயை மறுபடி கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க நடக்குது வெளிய?"

"அத்தான் உன்கிட்ட பேசிட்டேன்னாரே."

"என்கிட்டயா? எப்போ?"

"பேசிட்டேன், அவளுக்கும் சம்மதம்தான்னாரு." டீப் பாத்திரத்தைப் பார்த்தே பேசினான். "நீயும் சொன்னியே அன்னைக்கு, இந்த வண்டிய வித்துத் தொலைச்சாத்தான் எனக்கு நிம்மதின்னு."

அவளுக்கு நினைவு வந்தது. கிளட்ச் கேபிள் அறுந்து, முன்னாலும் பின்னாலும் ஹாரன் காதைக் கிழிக்க, நடுச் சாலையில் நின்றுவிட்டு வியர்வையோடு வீடு வந்து சொன்னது.

"அன்னைக்கு நான் செத்துத் தொலைஞ்சாத் தேவலைன்னுகூடத்தான் சொன்னேன். அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டீங்களா?"

"சே, என்ன பேச்சு..."

"குழாய் ஒழுகுது, வாஷரை மாத்துங்கன்னு வாய் வலிக்கச் சொன்னேன். விழுந்துச்சா காதுல? அலமாரிக் கதவு கையோட வருதுன்னு சொன்னேன். அது விழுந்துச்சா? இது ஒண்ணு மட்டும் எப்படிங்க அவ்வளவு தெளிவா விழுந்துச்சு?"

அவன் பதில் சொல்வதற்குள் வெளியே வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. சத்தம் என்றால் இருமல். இருமி, இழுத்து, அடங்கியது. மறுபடி இருமியது. யார் அது என்று பார்க்கவே தேவையில்லை. அவள் டீயைத் தாண்டி, கணவனைத் தாண்டி வாசலுக்குப் பாய்ந்தாள்.

பெரியவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "பேட்டரி வீக்கோ?" என்று டிரம்ஸ்காரர் பணிவாகக் கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒல்லி உடம்பு, நரைத்த தாடி, எதிலாவது தாளம் போட்டுக்கொண்டே இருக்கும் விரல்கள்.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு" என்றாள் அவள். "அவசரப்படறவங்களுக்கு அது எழுந்துக்காது. இறங்குங்கண்ணே."

"ஓட்டிக் காட்டத்தானேம்மா போறேன், ஒரு ரவுண்டு..."

"என் வண்டிய நான் ஓட்டிக் காட்டறேன். இறங்குங்க."

அவர் இறங்கினார். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. பேரம் தன் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரம்ஸ்காரர் முன்னால் ஏறினார். அவள் சாவியைப் பாதி திருப்பினாள். 'ம்ம்ம்' என்று அடங்கியது. முழுக்கத் திருப்பினாள். முதலை சமர்த்தாக எழுந்தது.

பெரிய சாலைக்கு வந்ததும் பேசத் தொடங்கினாள். விற்கிறவர்கள் யாரும் சொல்லாத சங்கதிகளாகப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டாவது கியர் மக்கர் பண்ணும். இந்தா, கேட்டீங்களா, கர்ருன்னு. அப்புறம் பின்கண்ணாடி வழியா மழைத் தண்ணி கசியும், பழைய துணி போட்டு வைக்கணும். ஏத்தத்துல ஏசி போட்டா மூச்சு வாங்கும். இதையெல்லாம் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லியே" என்றார் டிரம்ஸ்காரர்.

"என்னம்மா நீ..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, பொய் சொல்லி வித்துட்டு, நாளைக்கு அவர் நடு ரோட்டுல நின்னா யாரைத் திட்டுவாரு? உங்களையா, என்னையா?"

டிரம்ஸ்காரர் கொஞ்சமும் அசரவில்லை. சொல்லப்போனால் அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. திரும்பிப் பின்பகுதியை ஆசையோடு பார்த்தார். "பழைய வண்டின்னா இதெல்லாம் இருக்கறதுதாம்மா. என் செட்டு முழுக்கப் பிரிக்காம உள்ளே போகும். இப்போ ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ரெண்டு ஆட்டோ பிடிக்கறேன். ஒண்ணு வந்தா இன்னொண்ணு வராது. ஒரு தடவை நான் மேடையில இருக்கேன், பெரிய டிரம் ஆட்டோவுல ஊரைச் சுத்தி ஊர்வலம் போயிட்டிருக்கு." தானே சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "நீங்களும் சார் காருக்கு மாறிடறீங்க, உங்களுக்கும் சௌகரியம்தானே."

"எந்த சார் காருக்கு?"

"சாரோட வெள்ளைக் கார்தான். அதை நீங்க எடுத்துக்கறீங்கன்னு சொன்னாரே. அது உங்களுக்கு வந்தாத்தான் அவர் புதுசு எடுக்க முடியுமாம். அதான் இதைச் சீக்கிரம் முடிச்சுடலாம்னு..."

அவள் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினாள். நிறுத்தியது ஒரு மரத்தடியில், நிதானமாக, கை காட்டி, பின்னால் பார்த்து. அந்த நிதானம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளுக்குள் கொதித்த கொதியில் சுவரில் மோதாமல் வந்ததே பெரிய விஷயம். பின்பார்வைக் கண்ணாடியில் பெரியவரைப் பார்த்தாள். அவர் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே, போகிற வருகிற சைக்கிள்களை எல்லாம் மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியாண்ணே?"

"குடும்பத்துக்குள்ளேயே ஒரு நல்ல ஏற்பாடும்மா. கௌரவமான கார். நாலு பேர் முன்னாடி இறங்கினா ஒரு மதிப்பா இருக்கும். இந்த அமரர் ஊர்தில எத்தனை நாளைக்கு..."

"கௌரவமான காருக்கு வாராவாரம் ஆயில் ஊத்தணும்னு அண்ணியே என்கிட்ட சொன்னாங்களே."

"அவளுக்கு என்ன தெரியும் காரைப் பத்தி?"

"சரி. அதுல ஆள் உயரக் கண்ணாடிய எங்க வெச்சுக்கிட்டுப் போவேன்? மடியிலயா? என் கடை ஓட வேண்டாமா?"

"ஆட்டோ பிடிச்சுக்கலாமே."

டிரம்ஸ்காரர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றிருந்தன. "அம்மா, உங்களுக்கு இது தெரியாதுங்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்க வாசல் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

"ஐயோ சார், அது சும்மா, பொம்பளைங்க முதல்ல அப்படித்தான்..." என்று பெரியவர் முன்சீட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான் வாக்குக் குடுத்துட்டேன் சார் உங்களுக்கு."

"யாரோட வாக்குண்ணே அது?" என்றாள் அவள். "உங்க வாக்கை நீங்க குடுங்க, உங்க காரை வித்து. என் வண்டிக்கு நீங்க எப்படி வாக்குக் குடுத்தீங்க? உங்க வீட்டுக்கு வந்து உங்க கட்டிலுக்கு நான் விலை பேசினா விடுவீங்களா?"

டிரம்ஸ்காரரை அவள் அவர் கேட்ட பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டாள். இறங்கியவர் கதவை அலுங்காமல் சாத்திவிட்டு, "நல்ல வண்டிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மனிதர் மேல் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் ஏமாற்றத்தோடு தோளைக் குறுக்கி நின்றதைப் பார்க்கக் கஷ்டமாகக்கூட இருந்தது.

பெரியவர் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி வந்து உக்காருங்க."

"பரவால்லம்மா, போ."

"நான் உங்க டிரைவர் இல்லண்ணே."

அதில் ஏதோ ஒன்று அவரைச் சுட்டுவிட்டது. கதவைப் படாரென்று திறந்து இறங்கி, "இந்த மரியாதை போதும். நான் நடந்தே போய்க்கறேன்" என்றார்.

"நல்லது. பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். அவர் கார் தங்கள் வீட்டு எதிரில்தான் நிற்கிறது, எங்கே நடந்தாலும் அங்கேதான் வந்து சேர வேண்டும் என்பது பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது.

அவள் வந்து கம்பளிகளை உதறி மடித்து வண்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்த மகளும் சேர்ந்துகொண்டாள். "முதலைய யாரும்மா காலி பண்ணினது?" என்ற கேள்விக்கு அவள், "அப்பாவக் கேளு" என்றாள். அந்த நேரத்தில்தான் பெரியவர் சட்டை முதுகோடு ஒட்டத் தெருமுனையில் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. தன் வெள்ளைக் காரில் ஏறிக் கிளப்பினார். அது நீலப் புகையை ஒரு மூட்டை கக்கிவிட்டுப் போனது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கணவன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

"அவர் காரை நம்ம தலையில கட்டப் பார்த்தாரு, தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"எடுத்துக்கலாம்னு சொன்னாரு. அவர் புதுசு வாங்கறதுக்காகத்தான்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

"சரி, தெரியாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஒரே வீட்டுல, ஒரே அடுப்புச் சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கோம். ஒரு வார்த்தை."

"கேட்டா நீ வேண்டாம்னுடுவேன்னு..."

சொல்லி முடித்ததும் அவனுக்கே தான் என்ன சொன்னோம் என்று புரிந்துவிட்டது. மகள்கூடக் கையிலிருந்த அட்டைகளோடு அப்படியே நின்றாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளைக் குடைந்தது வேறொன்று. வண்டி அவன் பெயரில்தான் இருந்தது. வாங்கிய அன்று அவள் வலது கையில் கண்ணாடி கிழித்துப் பெரிய கட்டு. பேனா பிடிக்க முடியாது. "நீங்களே போட்டுடுங்க கையெழுத்தை, பேர்ல என்ன இருக்கு?" என்று அவளேதான் சொன்னாள். பேரில் என்ன இருந்தது என்று இன்றைக்குத் தெரிந்தது. அவள் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால், இவன் ஒரு கையெழுத்தில் முதலையை அனுப்பியிருப்பான். அனுப்பிவிட்டு, இருக்கிற டீயை அவளுக்கும் ஊற்றிக் கொடுத்திருப்பான்.

பின்கதவை இடுப்பால் இடித்துச் சாத்தினாள். அன்றைக்கு அந்த இடியில் வண்டியே குலுங்கியது.

அதன் பிறகு வீட்டில் தபால் போக்குவரத்து மகள் வழியாக நடந்தது. "சாப்பாடு ஆயிடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "மாவு தீந்துடுச்சான்னு உங்கம்மாவைக் கேளு." இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான். மகள் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? எனக்குப் பரீட்சை வருது" என்று எழுந்து போய்விட்டாள்.

பெரியவரும் சும்மா இருக்கவில்லை. தன்னை நடுத்தெருவில் இறக்கிவிட்டாள், ஒரு டிரம்ஸ் வாசிக்கிறவர் முன்னால் அவமானப்படுத்தினாள் என்று சொந்தம் முழுக்கப் பரப்பினார். தானாக இறங்கியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்யப் போய்க் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டதாக அவர் வருத்தப்பட்டதில் சிலருக்குக் கண்கூடக் கலங்கியதாம். சித்தி முறை ஒருத்தி போன் போட்டு, "என்னடி, ஒரு பழைய வண்டிக்காகப் பெரிய மனுஷனை இப்படிப் பண்ணிட்டியே?" என்றாள். போன மாதம் அதே பழைய வண்டியில்தான் சித்தி கண் ஆபரேஷனுக்குப் போய்வந்தாள். அதை அவள் சொல்லிக் காட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க சித்தி" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு, சொல்லியிருக்கலாம் என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. சட்டத்தில் ஆணி அடிக்கும்போதெல்லாம் ஓர் அடி அதிகமாக விழுந்தது.

ஒரு நாள் காலை கணவன் வேலைக்குக் கிளம்பவில்லை. சலவைச் சட்டை போட்டு, வண்டிக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றான். மகளைக் கூப்பிடவில்லை. நேராக அவளிடமே பேசினான்.

"லீவு சொல்லிட்டேன். வா, பேரை மாத்திட்டு வந்துடலாம்."

அவள் சாவியை எடுத்தாள்.

வாகன அலுவலகத்தில் கூட்டம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவளை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். "புருஷன் பேர்லருந்து பெண்டாட்டி பேருக்கா? எதுக்கு சார் வீண் அலைச்சல்? உங்க பேர்ல இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

அவள் வாய் திறக்கப் போனாள். அதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

"ஓட்டறது அவ சார். பெட்ரோல் போடறது, ரிப்பேர் பாக்கறது, சம்பாதிச்சு வாங்கினது எல்லாம் அவ. நான் பண்ணினது ஒரே ஒரு கையெழுத்து. அதையும் அவளைக் கேக்காம இன்னொருத்தருக்குப் போடப் பார்த்தேன்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. ஆனாலும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அலுவலர் அப்புறம் ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார்.

திரும்பி வரும்போது அவன் மழைத்தண்ணீர் வருகிற பக்கம் உட்கார்ந்தான். "மன்னிச்சுடு" என்றான்.

"குழாய்க்கு வாஷர் வாங்கணும்" என்றாள் அவள். கோபம் முழுக்கப் போய்விட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் மகள் இல்லாமல் பேச்சு நடக்க ஆரம்பித்திருந்தது. வழியிலேயே வாஷரும் வாங்கினார்கள்.

அதற்கப்புறம் ஒரு விடுமுறை நாள் பிற்பகல் அண்ணி வந்தாள். அண்ணி என்றால் கணவனின் அக்கா, பெரியவரின் மனைவி. பேருந்தில் தனியாக வந்திருந்தாள். அப்படி அவள் ஒருநாளும் வந்ததில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, சட்டக்காரம்மாவும் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராகவே கதவைத் திறந்தாள்.

அண்ணி உள்ளே வந்து உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"என் காரை வித்துட்டாருடி" என்றாள்.

"உங்க காரையா?"

"பின்னே யார் கார் அது? நான் ஆஸ்பத்திரியில நர்சா நின்னு நின்னு கால் வீங்கினேனே, வேலையை விட்டப்ப வந்த காசுல வாங்கினது. ஒரு நாள் ஸ்டீயரிங்கைத் தொட விட்டிருப்பாரா? உனக்கு எதுக்கு, உனக்குக் கை நடுங்கும், உனக்குப் பதட்டம் வரும்பாரு. எத்தனை பேருக்கு நரம்புல ஊசி ஏத்தியிருக்கேன் நான். அப்போ நடுங்காத கையா இப்போ நடுங்கும்?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க எடுத்துக்கலைன்னதும் யாரோ ஒரு தரகன்கிட்ட தள்ளிட்டாரு. குளிச்சுட்டு வெளிய வந்து பாக்கறேன், நிறுத்தற இடம் காலியா இருக்கு. எங்கேன்னு கேட்டா, உன்கிட்ட சொன்னா நீ ஆயிரம் கேள்வி கேப்பங்கறாரு."

இத்தனை நாள் சட்டக்காரம்மா தன் கோபமே பெரிய கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன் வண்டியாவது வாசலில் இருக்கிறது.

"அவரை வந்து நான் நாலு வார்த்தை கேக்கட்டுமா அண்ணி?"

"நீ கேட்டது போதும். ஊரெல்லாம் இன்னும் அதைத்தான் சொல்லிட்டுத் திரியறாரு." அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு ஓட்டக் கத்துக்குடு."

"எதை?"

"உன் முதலையத்தான். வேற எதை? புது வண்டி வாங்கப் போறாராம். வாங்கட்டும். அன்னைக்கு நான்தான் முதல்ல சாவியைப் புடுங்கணும்."

ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்னால் பெரிய மைதானம் இருந்தது. அங்கே போனார்கள். அண்ணி இருக்கையை முன்னால் இழுத்துப்போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். சாவியைப் பாதி திருப்பிக் காத்திருக்கச் சொன்னதும், நோயாளியின் நாடி பார்ப்பது போலக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். வண்டி முதல் முயற்சியிலேயே எழுந்தது.

கிளப்புவது மட்டும்தான் அப்படி. மற்றதெல்லாம் அடிதடிதான்.

"கிளட்சை முழுசா மிதிங்க அண்ணி!"

"மிதிச்சுக்கிட்டுத்தான்டி இருக்கேன்!"

"அது பிரேக்கு!"

முதலை துள்ளி, குதித்து, நின்றது. அண்ணி மறுபடி கிளப்பினாள். மறுபடி துள்ளியது. கியர் கரகரவென்று அலறியபோது சட்டக்காரம்மாவுக்குத் தன் பல்லையே யாரோ அரத்தால் ராவுவது போல இருந்தது. "பாவம் அந்தக் கியர் உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்று கத்தினாள். "கத்தாதே, கத்தினா எனக்குக் கோவம் வருது" என்று அண்ணியும் கத்தினாள். "வரட்டும், கோவத்தைக் கால்ல காட்டுங்க, மெதுவா விடுங்க கிளட்சை!"

எப்படியோ, எந்தக் கணத்தில் என்று இருவருக்குமே தெரியவில்லை, வண்டி துள்ளுவதை நிறுத்திவிட்டு உருள ஆரம்பித்தது. மைதானத்தின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அண்ணி வாயைத் திறந்தபடி, இமைக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். ஒரு சுற்று முடிந்து, அடுத்த சுற்றும் முடிந்தது.

இருக்கையில் கிடந்த அண்ணியின் கைப்பையிலிருந்து போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. சட்டக்காரம்மா எடுத்துப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர்தான் அண்ணி. என்ன சொல்ல?"

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. திருப்பம் வந்துகொண்டிருந்தது.

"வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன், அப்புறமா பேசறேன்னு சொல்லு" என்றாள்.